சேமித்த கரண்டுக்கு மீட்டர் ஏது? தேயிலை ஸ்டோர்களில் எஸ்கோ ஒப்பந்தங்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

"நீங்கள் ஒரு சதமும் போட வேண்டாம். மெஷினை நாங்களே வாங்கிப் பூட்டித் தருகிறோம். கரண்ட் பில்லில் மிச்சமாகிற பணத்தில் எங்கள் பங்கை மாதாமாதம் எடுத்துக்கொள்கிறோம். மிச்சமாகாவிட்டால் நட்டம் எங்களுக்கு." எஸ்கோ என்று அழைக்கப்படும் வலுச் (எரிசக்திச்) சேவைக் கம்பனி ஒரு தேயிலைத் தொழிற்சாலையிடம், மலையகப் பேச்சில் ஸ்டோரிடம், வந்து பேசும் பேரம் இவ்வளவுதான். கேட்டால் யாருக்கும் பிடிக்கும். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மேற்கு நாடுகளில் வளர்ந்த தொழில் இது. இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபை உருவானபோது, இப்படிப்பட்ட கம்பனிகளைப் பதிவுசெய்து வளர்க்கும் பொறுப்பும் அதனிடம் வந்தது.

சட்டம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, மிச்சம்பிடிக்க வேண்டிய அவசியமும் இருக்கிறது. அப்படியிருந்தும் மலையகத்து ஸ்டோர் ஒன்றில் இந்தப் பேரத்தைக் கையெழுத்து வரை கொண்டுபோவது கடினம். கையெழுத்தானாலும் இரண்டாம் வருடமே தகராறு கிளம்ப நிறைய இடமுண்டு. குற்றம் மெஷினில் இல்லை என்பது என் கருத்து. எவ்வளவு மிச்சமானது என்பதற்கு இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் கணக்கு இல்லாதது ஒரு காரணம். எஸ்கோவால் கட்டுப்படுத்தவே முடியாத ஆபத்துகளையும் சேர்த்து அதன் தலையில் கட்டுவது இன்னொரு காரணம்.

முதலில் ஸ்டோருக்குள் கரண்ட் எங்கே போகிறது என்று பார்ப்போம். மலையில் இருந்து வரும் பச்சைக் கொழுந்தில் 75 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். அதை நீண்ட தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து விசிறிக் காற்றை ஊதி வாட்டுகிறார்கள். நாளின் ஈரத்தைப் பொறுத்து இதற்கு 12 முதல் 18 மணி நேரம் வரை பிடிக்கும். அந்த நேரம் முழுக்க விசிறிகள் ஓடுகின்றன. அப்புறம்தான் இலையை உருட்டும் ரோலர், சலிப்பு, உலர்த்தும் ட்ரையர் எல்லாம். ட்ரையருக்கு வேண்டிய சூடு பெரும்பாலும் விறகில் இருந்து வருகிறது. மெஷின்கள் ஓடுவது மின்சாரத்தில்.

வாட்டும் விசிறி முழு வேகத்தில் ஓட வேண்டியது ஆரம்பத்தில், இலையின் மேலே ஒட்டிய தண்ணீர் போகும் வரைதான். பிறகு காற்றைக் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். விசிறியின் வேகத்தைக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் பல மடங்கு குறையும் என்பது இயற்பியல். வேகம் 80 சதவீதமானால் மின்சாரம் 0.8 × 0.8 × 0.8, அதாவது ஏறத்தாழ பாதிக்கு வந்துவிடும். 70 சதவீதமானால் மூன்றில் ஒரு பங்கு. வேகத்தை மாற்றும் டிரைவ் ஒன்றை விசிறி மோட்டாருக்குப் பூட்டினால் போதும். எஸ்கோக்கள் முதலில் கைவைப்பது இங்கேதான், அதில் தப்பும் இல்லை.

சிக்கல் தொடங்குவது அளவெடுக்கும்போது. கூரையில் சோலார் பூட்டினால் அது எத்தனை யூனிட் தந்தது என்று மீட்டர் காட்டும், அந்த எண்ணை வைத்துப் பணம் கேட்கலாம். மிச்சம் அப்படியில்லை. செலவாகாமல் போன யூனிட்டை எந்த மீட்டரும் காட்டாது. டிரைவ் பூட்டாமல் இருந்திருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, உண்மையில் போனதை அதிலிருந்து கழிக்க வேண்டும். அந்த முதல் எண்ணுக்கு அடிப்படை அளவு என்று பெயர். ஒப்பந்தத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்டோரில் உற்பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 10,000 யூனிட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு, ஆபீஸ், அதே மீட்டரில் தொங்கும் தோட்ட முகாமையாளரின் பங்களா எல்லாம் இதில் அடக்கம். அதற்கு மேல் ஒரு கிலோ தேயிலைக்கு 0.65 யூனிட். மாதம் 60,000 கிலோ செய்தால் 49,000 யூனிட் ஆகிறது. இப்போது எஸ்கோ டிரைவ் பூட்டிவிட்டது. அடுத்த வருடம் அதே மாதம் கொழுந்து குறைந்து 40,000 கிலோதான் செய்தார்கள். மீட்டர் 31,000 காட்டுகிறது. போன வருடத்தோடு ஒப்பிட்டால் 18,000 யூனிட் மிச்சம் என்று எஸ்கோ பில் போடலாம். ஆனால் 40,000 கிலோவுக்குப் பழைய முறையிலேயே 36,000 யூனிட்தான் போயிருக்கும். உண்மையான மிச்சம் 5,000.

தலைகீழாகவும் நடக்கும். கொழுந்து கொட்டுகிற மாதத்தில் 70,000 கிலோ செய்கிறார்கள், மீட்டர் 49,500 காட்டுகிறது. போன வருடத்தை விட 500 யூனிட் கூட. "பில் கூடியிருக்கிறதே, எங்கே மிச்சம்? எதற்கு உங்களுக்குப் பணம்?" என்று கணக்கு ஆபீஸ் கேட்கும். பழைய முறையில் 55,500 போயிருக்கும், ஆகவே 6,000 யூனிட் மிச்சம் என்பதை எஸ்கோ விளக்கிச் சொல்ல வேண்டும். கேட்பவர் கொழும்புத் தலைமையகத்தில் இருக்கும் கணக்காளர். அவர் கண்ணில் படுவது பில் மட்டும்தான். நேர்மையாக உழைத்த எஸ்கோவுக்கே அந்த மாதப் பணம் நின்றுபோகிறது.

இந்தக் கணக்கில் கிலோவை மட்டும் சேர்த்தால் போதாது, வானிலையும் வேண்டும். மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். கொழுந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரும், காற்றிலும் ஈரம், விசிறியை மெதுவாக்கவே முடியாத நாட்கள் வரும். அதே ஜூலை, ஆகஸ்டில் மலைக்கு மறுபக்கம் ஊவாவில், பண்டாரவளை, பதுளைப் பக்கம், உலர்ந்த காற்று வீசும். அங்கே விசிறி பாதி வேலைதான் செய்ய வேண்டும். ஒரே டிரைவ், ஒரே மோட்டார், ஒரே எஸ்கோ. ஆனால் மிச்சம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஊவா ஸ்டோர் ஒன்றில் கிடைத்த சதவீதத்தை ஹட்டன் ஸ்டோருக்கு உத்தரவாதமாக எழுதிக் கொடுப்பவர், ஜூன் மாதத்து மழையைக் கணக்கில் எடுக்காமல் எழுதுகிறார் என்று அர்த்தம்.

அடுத்தது, எந்த வருடத்தை அடிப்படையாக எடுப்பது? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, அந்த வருட நவம்பரில் விலக்கினார்கள். 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. அதே 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஸ்டோர்கள் ஜெனரேட்டரில் ஓடின. மின்சார சபை மீட்டரில் யூனிட் குறைந்தது, டீசல் செலவு ஏறியது. அந்த வருடத்து பில்லை அடிப்படையாக வைத்தால் எந்த எஸ்கோவும் மிச்சம் காட்ட முடியாது. அதைத் தள்ளிவிட்டு 2019-ஐ எடுத்தால், அதற்குள் ரோலர் மாறியிருக்கும், ஒரு தொட்டி வரிசையை மூடியிருப்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் மண்சரிவுகளைக் கொண்டுவந்தது. பாதை அடைபட்டுக் கொழுந்து வராத நாட்களை எப்படிக் கணக்கிடுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவைக்காதவர்கள் அந்த மாதத்துக்குப் பேச்சுவார்த்தைதான் நடத்த வேண்டும்.

யூனிட் கணக்கு சரியாக வந்துவிட்டது என்றே வைப்போம். அதை ரூபாயாக்கும்போது அடுத்த இடி. 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். அந்த ஜூலையில் 14.2 சதவீதம் இறக்கம், ஒக்டோபரில் 18 சதவீதம் ஏற்றம். 2024 மார்ச்சில் 21.9 சதவீதமும் ஜூலையில் 22.5 சதவீதமும் குறைத்தார்கள். 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது, ஜூனில் 15 சதவீதம் கூடியது. மூன்று வருடத்துக்குள் எட்டுத் தடவை. எஸ்கோ ஒப்பந்தம் ஒன்று சாதாரணமாக ஐந்து வருடமாவது ஓட வேண்டும்.

இதன் விளைவு என்ன? எஸ்கோ 50 இலட்சம் ரூபாய் கடன் வாங்கி, 12 சதவீத வட்டியில், ஐந்து வருடத் தவணையில் மெஷின் பூட்டுகிறது என்று வைப்போம். மாதத் தவணை ஏறத்தாழ 1 இலட்சத்து 11 ஆயிரம். மாதம் 6,000 யூனிட் மிச்சமாகிறது, யூனிட் 25 ரூபாய் என்று எடுத்தால் ஒன்றரை இலட்சம். அதில் 80 சதவீதம் எஸ்கோவுக்கு என்றால் 1 இலட்சத்து 20 ஆயிரம். தவணை போக 9,000 ரூபாய் கையில் மிஞ்சுகிறது. இப்போது கட்டணம் 20 சதவீதம் இறங்குகிறது. யூனிட் 20 ரூபாய். மெஷின் அதே மெஷின், மிச்சமான யூனிட்டும் அதே 6,000. எஸ்கோவின் பங்கு 96,000 ஆகிவிடுகிறது, தவணைக்கே 15,000 ரூபாய் துண்டு விழுகிறது. கட்டணம் குறைந்ததற்கு ஊரே சந்தோஷப்பட்ட மாதத்தில், சொன்னதைச் செய்து காட்டிய ஒரு சிறிய கம்பனி கடன்காரனாகிறது.

கடன் கிடைத்தால்தான் இந்தப் பேச்சும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது, அந்த வருடம் வங்கிக் கடன் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிப் போனது. மேலே சொன்ன அதே 50 இலட்சத்துக்கு 25 சதவீத வட்டி என்றால் தவணை 1 இலட்சத்து 47 ஆயிரம். கணக்கு எந்தப் பக்கமும் உதைக்கும். வட்டி இறங்கிய பிறகும் வங்கி கேட்பது காணி உறுதியை. நம் ஊர் எஸ்கோக்கள் பெரும்பாலும் சில பொறியியலாளர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய கம்பனிகள், அவர்களிடம் ஈடு வைக்கக் காணி இல்லை. தோட்டத்தின் காணியும் உதவாது. 1992-இல் தோட்ட நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தபோது நிலம் அரசிடமே இருந்தது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். பூட்டிய மெஷினையாவது பிணையாக எடுக்கலாமா என்றால், சுவரில் பதித்த டிரைவையும் கேபிளையும் கழற்றி விற்றால் என்ன விலை வரும் என்று வங்கிக்குத் தெரியும். வருங்காலத்தில் மிச்சமாகப்போகும் பணத்தை நம்பிக் கடன் கொடுக்கும் பழக்கம் இங்கே இன்னும் வேர்விடவில்லை.

எரிசக்திப் பாடப் புத்தகங்கள் சொல்லாத ஒரு ஆபத்தும் தேயிலைக்கு உண்டு. வாட்டுவது சரியில்லை என்றால் தேயிலையின் தரம் போய்விடும். கொழும்பு ஏலத்தில் கடந்த சில வருடங்களாகச் சராசரி விலை கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் நிற்கிறது. அதில் 5 சதவீதம் விழுந்தால் 50 ரூபாய். ஒரு கிலோ செய்ய 0.8 யூனிட் போகிறது, யூனிட் 30 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் மொத்தக் கரண்ட் செலவு 24 ரூபாய்தான். ஆகவே மொத்தக் கரண்டையும் இலவசமாகக் கொடுத்தாலும் ஏலத்தில் விழுந்த விலைக்கு ஈடாகாது. ஸ்டோரில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் இதை எழுதிப் பார்க்காமலே அறிந்தவர். இரவு இரண்டு மணிக்குக் கொழுந்தைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து விரிக்கிறார். உருண்டை அப்படியே நிற்க வேண்டும், அது உடனே பிரிந்தால் இன்னும் வாடவில்லை. வெளியில் மழை. காலை ஐந்து மணிக்கு ரோலரில் போட வேண்டும். அவர் டிரைவை ஒதுக்கிவிட்டு விசிறியை முழு வேகத்தில் போட்டுவிடுகிறார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், நானும் அதில் குறை காண மாட்டேன். ஆனால் எஸ்கோவின் அந்த மாத மிச்சம் அந்த இரவில் கரைகிறது. தரம் குறைந்தாலும் பழி டிரைவின் மீதே விழும். ஏலத் தரகரின் அறிக்கையில் ஒரு குறை வந்தால் போதும், "அந்தப் பெட்டியைப் பூட்டின பிறகுதான் இப்படி" என்ற பேச்சு தொடங்கிவிடும்.

பராமரிப்பும் சின்ன விஷயமில்லை. ஸ்டோருக்குள் காற்றில் எப்போதும் தேயிலைப் பஞ்சு பறக்கும், அது டிரைவின் காற்றுத் துளைகளை அடைக்கும். மலையில் இடி மின்னல் அதிகம், மின் கம்பியின் கடைசி முனையில் தொங்கும் தோட்டங்களில் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஒரு எலக்ட்ரோனிக் பலகை எரிந்தால் மாற்றுப் பலகை கொழும்பில் இருந்து வர வேண்டும். 2022-இல் டொலர் தட்டுப்பாட்டின்போது அதுவும் வரவில்லை. மோட்டார் எரிந்தால் நிலைமை வேறு. கொழுந்து தொட்டியில் கிடக்கிறது, காத்திருக்க முடியாது. தோட்டத்து எலக்ட்ரீஷியன் மூலையில் கிடக்கும் பழைய மோட்டாரைத் தூக்கிப் பூட்டுவார், எரிந்ததை டவுனில் சுருள் கட்டக் கொடுப்பார். திரும்பி வரும் மோட்டார் ஓடும், ஆனால் முன்பிருந்த திறன் இருக்குமா என்பது கட்டிய கையைப் பொறுத்தது. குறைந்த திறனுக்கு யார் பொறுப்பு? ஒப்பந்தம் இதைப் பேசாவிட்டால் நட்டம் எஸ்கோவின் பக்கமே சாயும்.

உச்ச நேரக் கட்டணமும், ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கான மின்கேள்விக் கட்டணமும் இன்னொரு பேச்சு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை யூனிட் விலை அதிகம், அந்த நேரத்தில்தான் பகல் பறித்த கொழுந்து தொட்டியில் இருக்கிறது. காலையில் எல்லா ரோலரையும் ஒரே நேரத்தில் போட்டால் அந்தக் கால் மணி நேரத்து ஏற்றம் மாதம் முழுவதற்குமான மின்கேள்விக் கட்டணத்தைத் தீர்மானிக்கும். ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கொடுத்தாலே பில் குறையும், யூனிட் ஒன்றும் குறையாது. இப்படி வந்த மிச்சத்தில் எஸ்கோவுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

தேயிலைக்கு வெளியே, அரசு வைத்தியசாலைகள், பாடசாலைகள் பக்கம் எஸ்கோக்கள் போகத் தயங்குவதற்குக் காரணம் எளிது. அங்கே வரவு செலவு வருடத்துக்கு ஒருமுறை. கரண்டுக்கு ஒதுக்கிய பணம் மிஞ்சினால் அது திறைசேரிக்குத்தான் திரும்பும், எஸ்கோவுக்கு எடுத்துக் கொடுக்க அந்த அதிகாரிக்கு வழியில்லை. இந்தியாவில் 2009-இல் ஈஈஎஸ்எல் என்ற அரசுக் கம்பனியைத் தொடங்கி, அதுவே முதல் போட்டு எல்ஈடி விளக்குகளை மொத்தமாக வாங்கி விநியோகித்தது இந்த முட்டுக்கட்டையைச் சுற்றிப் போகும் ஒரு முயற்சி. உள்ளூராட்சி சபைகளிடம் இருந்து பணம் வரத் தாமதமானது அதற்கும் தலைவலியானது.

சரி, தேயிலை ஸ்டோருக்கு என்ன செய்யலாம்? என் பார்வையில் முதல் வேலை மொத்த பில்லை விட்டுவிட்டு விசிறியை மட்டும் அளப்பது. வாட்டும் தொட்டிகளுக்கென்று தனியாக ஒரு துணை மீட்டர், அதோடு எடைத் தட்டில் இறங்கிய கொழுந்தின் கணக்கும் ஈரப்பத அளவும். டிரைவ் பூட்டுவதற்கு முன்பு மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் இந்த அளவுகளை எடுத்து வைத்துவிட்டால், பங்களாவின் ஹீட்டரும் ஆபீஸின் விளக்கும் சண்டைக்குள் வராது. அளவீட்டுக்கான சர்வதேச நெறிமுறை 1990-களிலேயே வந்துவிட்டது, மொத்தக் கட்டடத்தை அளக்காமல் ஒரு பகுதியை மட்டும் அளக்கும் வழியை அதுவும் ஏற்றுக்கொள்கிறது. அளவெடுக்கக் காசு செலவாகும்தான். ஆனால் வழக்கு நடத்துவதற்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

இரண்டாவது, எஸ்கோவின் உத்தரவாதம் யூனிட்டில் இருக்கட்டும், ரூபாயில் வேண்டாம். கையெழுத்திடும் நாளில் ஒரு யூனிட் விலையை எழுதி, கட்டணம் அதற்குக் கீழே போனாலும் பங்கை அந்த விலையில் கணக்கிடுவது என்று இருதரப்பும் ஒத்துக்கொள்ளலாம். கட்டணம் ஏறினால் கூடுதல் இலாபத்தின் பெரும்பகுதி தோட்டத்துக்குப் போகட்டும், அது நியாயம். மெஷின் வேலை செய்யுமா என்ற ஆபத்தை எஸ்கோ சுமக்க வேண்டும். கொழுந்து வருமா, கட்டணம் என்னாகும் என்பதைச் சுமக்க அதனிடம் தோளும் இல்லை, அந்தக் கடிவாளம் அதன் கையிலும் இல்லை.

ஒரு ஸ்டோரோடு நிற்காமல் ஒரே கம்பனியின் பல ஸ்டோர்களை ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்தால் ஹட்டனின் மழை மாதத்தை ஊவாவின் காற்று மாதம் ஈடுகட்டும். வங்கிக்கும் தொகை கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அடிப்படை அளவை இருதரப்பும் சாராத மூன்றாம் ஆள் சரிபார்க்க வேண்டும். நிலைபெறுதகு வலு அதிகாரசபை அங்கீகரிக்கும் எரிசக்திக் கணக்காய்வாளர்களை அதற்குப் பயன்படுத்தலாம், தகராறு வந்தால் 1995-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் இருக்கிறது. அப்புறம், துரைமார், அதாவது தோட்ட முகாமையாளர்கள், இரண்டு மூன்று வருடத்தில் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விடுவார்கள். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டது எதுவும் அவர்களோடு போய்விடும், ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

இவற்றை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. இரவு முழுக்கத் தொட்டிகளுக்கு நடுவில் நடந்து, கொழுந்தைப் புரட்டிவிட்டு, விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது வாட்டும் மாடியில் வேலை செய்யும் தொழிலாளர்கள். மிச்சம் உண்மையில் உருவாவது அவர்கள் கையில். ஆனால் ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. டிரைவின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, பயிற்சி நடந்தால் டீ மேக்கரோடு முடிந்துவிடுகிறது. மேலே போட்ட கணக்கில் மாதம் ஒன்றரை இலட்சம் மிச்சமானால் அதில் 5 சதவீதம் 7,500 ரூபாய். இதை எஸ்கோவின் பங்கில் இருந்து பாதியும் தோட்டத்தின் பங்கில் இருந்து பாதியுமாக எடுத்து, அந்த மாதம் மாடியில் இரவு வேலை செய்தவர்களுக்குச் சம்பளச் சீட்டிலேயே தனி வரியாகப் போட்டுக் கொடுக்கலாம். வேகத்தை எப்போது எவ்வளவு குறைக்கலாம், எந்த நாளில் குறைக்கவே கூடாது என்பதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டலாம். மழை இரவில் முழு வேகம் போட்டதற்காக யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதலாம். அந்த இரவுகளின் கொழுந்து எடையையும் ஈரத்தையும் குறித்து வைத்திருந்தால், அடிப்படை அளவை அதற்கேற்பத் திருத்திக்கொள்வது பொறியியலாளர்களின் வேலை.